கருப்பனுக்கு நேர்ந்துவிட்ட கோதுமை

பேரையூர் பஸ் செக்கானூரணியைத் தாண்டி நடுக்காட்டில் நின்று பதினோரு நிமிஷம் ஆகிவிட்டது. டிரைவர் இருந்தார். பயணிகள் ஐம்பத்துமூன்று பேர் இருந்தார்கள். கண்டக்டரைத்தான் காணோம்.

"எங்கய்யா கண்டக்டரு?" என்று முன்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்.

டிரைவர் நல்லகாமன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ரோட்டோரக் கருவேலம் புதரை நோக்கித் தாடையை மட்டும் நீட்டினார். "அவசரமாப் போயிருக்காரு. வந்துருவாரு."

"நேத்தும் இங்கதான நிப்பாட்டுனீங்க?"

"இல்லண்ணே. நேத்து அந்தா, அந்தப் பாலத்துக்கிட்ட."

புதருக்குப் பின்னாலிருந்து விசில் கேட்டது. பொறுங்கள், வந்துவிடுகிறேன் என்று தெரிவிக்கத்தான் கண்டக்டர் உக்கிரபாண்டி ஊதினார். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். விசில் வாய்க்குப் போனால் தானாக இரண்டு முறை ஊதிவிடும். இரண்டு விசில் என்றால் போகலாம் என்று அர்த்தம். நல்லகாமனுக்கும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம்தான். கை தானாகக் கியரைப் போட்டது.

ஒரு கையில் பெல்ட்டும் மறுகையில் டிக்கெட் மெஷினுமாக உக்கிரபாண்டி கால் கிலோமீட்டர் ஓடி பஸ்ஸைப் பிடித்ததை, கடைசி சீட்டுக் காலேஜ் பிள்ளைகள் மூன்று கோணங்களில் படம் எடுத்தார்கள்.

உக்கிரபாண்டிக்கு வயது நாற்பத்தொன்பது. பெயரில் இருந்த உக்கிரம் ஆறு மாதமாக வயிற்றுக்குள் குடிபோயிருந்தது. சாப்பிட்டால் வயிறு உப்பும். உப்பினால் ஓட வேண்டும். உடம்பு இளைத்து, போட்டிருக்கும் காக்கிச் சட்டை யாரோ இரவல் கொடுத்தது போலத் தொங்கியது. பஸ் படியில் மூன்று தடவை ஏறி இறங்கினால் கண்ணைக் கட்டியது.

"மாப்ள, இதுக்கு மேல என்னால புதர் புதராப் பாத்து நிப்பாட்ட முடியாது," என்றார் நல்லகாமன். "இன்னைக்கி நீ டாக்டர்ட்டப் போகல, நாளைக்கி ஒன்ன விட்டுட்டே போயிருவேன் பாத்துக்க."

"இன்னைக்கியே விட்டுட்டுத்தான போன?"

"அது கை தவறிப் போனது. நாளைக்கித் தெரிஞ்சே போவேன்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் டாக்டர் கிரிதரனின் கிளினிக். வயிற்று வைத்தியத்துக்குப் பேர்போன மனிதர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேய்யா உடம்புல. தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

"காலையில பேரையூர்ல பூரிங்க சார். மத்தியானம் சோறு. சாயங்காலம் மறுபடி பேரையூர்ல பரோட்டா."

"எத்தனை?"

"ஆறு. பசி இல்லேன்னா."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இது சீலியாக்கா இருக்கலாம்."

"அந்தக்கா யாருங்க சார்?"

"அக்கா இல்லய்யா. சீலியாக். வியாதி பேரு. மாவு பிசைஞ்சா ரப்பர் மாதிரி இழுபடுதுல்ல? அந்த இழுவைக்குக் காரணம் குளூட்டன்னு ஒரு சத்து. கோதுமையில இருக்கு. சில பேர் குடலுக்கு அது ஆகவே ஆகாது."

உக்கிரபாண்டிக்கு மூச்சு வந்தது. "அப்ப அது எனக்கு இல்ல சார். நான் சப்பாத்தியத் தொட்டதே கெடையாது. எங்களுக்குப் பூராம் மைதாதான்."

"மைதா எதுலருந்து வருது?"

"கடையிலருந்து."

"கோதுமையிலருந்துய்யா."

இந்தச் செய்தி அவரைக் குடலைவிட அதிகமாகப் பாதித்தது. இத்தனை வருஷம் கூட இருந்த சேக்காளி எதிர்க்கட்சிக்காரன் என்று தெரிந்தது போல உட்கார்ந்திருந்தார்.

"இருக்கலாம்னுதான் சொல்றேன். இருக்குன்னு சொல்லல," என்றார் டாக்டர். "ரத்த டெஸ்ட் எழுதித் தர்றேன். எடுத்துட்டு வாங்க, பேசிக்கலாம். ஆமா, உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி உண்டா? இது பரம்பரையா வர்ற வியாதி."

வில்லாபுரத்தில் வீட்டுக்கு வந்து இதை அவர் அப்படியே ஒப்பித்தபோது, அவர் மனைவி அன்னக்கொடி குடல், ரத்தம், கோதுமை எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டாள். பரம்பரை என்ற வார்த்தை வந்ததும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுய்யா. வெளிய யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"நல்லகாமனுக்குத் தெரியும்."

"அந்தாளோட நிக்கட்டும். பேரையூர்க்காரங்க காதுக்குப் போச்சு, மீனா கல்யாணம் அம்புட்டுத்தான். அப்பனுக்குப் பரம்பரை வியாதின்னா மகளுக்கும் இருக்குமில்லன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன சொல்லுவ?"

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. மகள் மீனாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயபாண்டி. மாப்பிள்ளையின் அப்பா காளை. பேரையூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் இருக்கும் காளை பரோட்டா ஸ்டால் அவருடையதுதான். உக்கிரபாண்டி அங்கே பன்னிரண்டு வருஷமாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் இந்தச் சம்பந்தமே அமைந்தது. பரோட்டா வீசும் பையனின் கைவேகத்தைப் பார்த்து, இவன் பெண்டாட்டியைப் பட்டினி போட மாட்டான் என்று அவரே தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை.

"அப்ப டெஸ்ட்டு?" என்றார் உக்கிரபாண்டி. ஊசி என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

"டெஸ்ட்டு கெடக்கட்டும். மொதல்ல வாயக் கட்டு. சரியாயிட்டா டெஸ்ட்டே வேண்டாம்ல?"

அவர் வாழ்க்கையில் மனைவி சொன்னதை உடனே ஒப்புக்கொண்ட நாள் அது ஒன்றுதான்.

அன்றைக்கே அடுக்களை சோதனை நடந்தது. மீனா போனில் பார்த்துப் படிக்க, அன்னக்கொடி டப்பாக்களை வெளியே எடுத்து வைத்தாள். பிஸ்கட் போனது. ரஸ்க் போனது. சேமியா போனது.

"ரவையுமா?" என்று உக்கிரபாண்டி கையை நீட்டித் தடுத்தார்.

"ரவையும் கோதுமைதான்ப்பா," என்றாள் மீனா.

"அப்ப உப்புமா?"

"அரிசி உப்புமா."

"அதுக்கு நான் அந்தப் புதருக்குள்ளயே இருந்துக்கிறேன்."

மறுநாள் பேரையூரில் பஸ் நின்றதும், வழக்கம்போலச் சம்பந்திக்கு வாழையிலையில் ஆறு பரோட்டா வந்தது. சால்னா வாசம் மூக்கில் ஏறியபோது உக்கிரபாண்டியின் கண்ணில் நீர் கோத்தது. காளை முதுகைக் காட்டித் திரும்பிய நேரத்தில் இலையை நல்லகாமன் பக்கம் தள்ளினார். நல்லகாமன் தன் ஆறோடு இந்த ஆறையும் வயிற்றுக்குள் தள்ளினார். மூன்று நாள் இப்படி ஓடியது. நான்காம் நாள் பஸ் வழியில் இரண்டு தடவை நின்றது. இரண்டாவது தடவை டிரைவருக்காக.

"மாப்ள, ஒனக்காக உசுரக் கேளு, தாரேன்," என்றார் நல்லகாமன், புதரிலிருந்து திரும்பி வந்து. "பன்னெண்டு பரோட்டா மட்டும் கேக்காத."

வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

"பல்லு வலி சம்பந்தி," என்றார் உக்கிரபாண்டி மறுநாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

காளை பதறினார். உருட்டுக்கட்டை மாதிரிக் கையும் பெரிய மீசையுமான ஆள். சம்பந்தி என்று வந்துவிட்டால் மனசு பாலில் ஊறிய பன். தானே கல்லுக்கு முன்னால் நின்று, கொத்துப் பரோட்டாவை அவல் பதத்துக்குக் கொத்தி, சால்னாவில் குழைத்துக் கொண்டுவந்தார்.

"பல்லே வேணாம் சம்பந்தி. முழுங்குனாப் போதும்."

"இப்ப... இப்பத்தான் மாத்திரை போட்டேன். வீட்டுல போயிச் சாப்பிட்டுக்கிறேன்."

"அட, அப்படிச் சொல்லுங்க!"

அன்றிலிருந்து தினமும் வீட்டுக்குப் பன்னிரண்டு பரோட்டா பார்சல். வெஷத்த ஊர் தாண்டி வாங்கிட்டு வாரியே என்று அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டு, பார்சலைப் பக்கத்து வீட்டு முனியாயியிடம் கொடுத்தாள். முனியாயி நல்லவள். நன்றி மறக்காதவள். அதுதான் வினையாகப் போனது. உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்தில் காளையின் மனைவியைப் பார்த்ததும் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க கடைப் பரோட்டா என்னா ருசி! கண்டக்டர் வீட்டுல ஒரு துண்டு வாயில வைக்கிறதில்ல, அம்புட்டையும் எங்களுக்கே குடுத்துருறாங்க," என்று மனதாரச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் பேரையூரில் இலை வரவில்லை. காளை மட்டும் வந்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, நேராக் கேக்குறேன். என் கடைப் பரோட்டா ஒங்களுக்கு எளக்காரமாப் போச்சா? இல்ல, எங்க சம்பந்தமே எளக்காரமாப் போச்சா?"

கல்லில் நின்ற ஜெயபாண்டி மாவு உருண்டையோடு அப்படியே நின்றான். நல்லகாமன் டீ கிளாஸை வாயிலிருந்து எடுக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

வியாதி என்று சொல்ல உக்கிரபாண்டிக்கு வாய் வரவில்லை. கண்ணை அங்கும் இங்கும் உருட்டினார். கல்லாவுக்கு மேலே அரிவாளோடு நின்றிருந்த கருப்பசாமி படத்தில் கண் போய் நின்றது.

"விரதம் சம்பந்தி," என்றார்.

"என்ன விரதம்?"

"கருப்பனுக்குக் கோதுமைய நேர்ந்து விட்டிருக்கேன்."

"கிடாயத்தான நேர்ந்து விடுவாங்க? கோதுமைய எப்படி?"

"இது... கிடாயவிடப் பெருசு. பிள்ளைக கல்யாணம் நல்லபடியா முடியணும், ஒரு மண்டலத்துக்குக் கோதுமையில செஞ்ச எதையும் கையால தொட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். வெளிய சொன்னா பலிக்காதும்பாங்க, அதான்."

காளைக்கு மீசை துடித்தது. எழுந்து வந்து சம்பந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மகளப் பெத்த நீங்க வாயக் கட்டி விரதம் இருக்கீக. மகனப் பெத்த நான் உக்காந்து பரோட்டா திம்பனா? நானும் இருக்கேன் சம்பந்தி. இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

"அய்யய்யோ, நீங்க எதுக்கு? ஒரு வீட்டுக்கு ஒரு ஆளு போதும். கருப்பன் அம்புட்டுக் கண்டிசன் இல்ல."

"சாமி காரியத்துல பேரம் பேசாதீங்க சம்பந்தி," என்றார் காளை.

அப்போதைக்குத் தப்பித்தோம் என்றுதான் உக்கிரபாண்டி நினைத்தார். மறுநாள் பஸ் பேரையூருக்குள் நுழைந்தபோது ஸ்டால் வாசலில் கும்பல். கல்லை வெள்ளை வேட்டி போட்டு மூடியிருந்தார்கள். மேலே ஒரு போர்டு. 'விரதத்தை முன்னிட்டுப் பரோட்டா இல்லை. இடியாப்பம், கம்பு தோசை உண்டு.'

"சம்பந்தி, என்ன இது?"

"கடைக்குள்ள மைதா பறக்குதுல்ல? மூக்கு வழியா உள்ள போனாலும் விரதம் முறிஞ்ச மாதிரிதான? நாப்பத்தெட்டு நாளைக்கிக் கல்லு லீவு."

பேரையூர் அதைத் துக்கமாகவே அனுசரித்தது. ஆயுசில் இடியாப்பத்தைக் காய்ச்சல்காரர் சாப்பாடு என்று மட்டுமே அறிந்திருந்தவர்கள், அதைத் தட்டில் வைத்துக்கொண்டு, வந்து நிற்கும் பஸ்ஸையும் அதிலிருந்து இறங்கும் கண்டக்டரையும் முறைத்தார்கள்.

"இவருதானப்பா அந்தப் புண்ணியவான்?" என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார்.

பஸ்ஸுக்குள் நிலைமை வேறு மாதிரி இருந்தது. பரோட்டாவை விட்டவர் என்ற செய்தி உசிலம்பட்டி வரைக்கும் பரவி, கண்டக்டருக்கு அருள் வந்திருப்பதாக முடிந்திருந்தது. சீனியம்மாள் என்ற கீரைக்காரப் பெண், டிக்கெட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமி, அப்படியே துன்னூறும் குடுங்க."

"யம்மா, இது பஸ்ஸு. எறங்குற எடத்தச் சொல்லு."

"அதச் சாமிக்கே தெரியுமே!"

இவ்வளவு கீர்த்தி வந்தும் வயிறு மட்டும் அவரை மதிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலும் இரண்டு தடவை புதருக்கு ஓடினார். அதிலும் ஒருதடவை சீனியம்மாள் பார்த்துவிட்டு, சாமி காட்டுக்குள்ள பூசைக்குப் போகுது என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்னக்கொடிக்குச் சந்தேகம் வந்தது. வேலை முடிந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, சட்டைக் காலரை மோந்து பார்த்தாள்.

"உண்மையச் சொல்லு. எங்க தின்ன?"

"சத்தியமாத் திங்கல."

"எவ கடையில?"

"அன்னக்கொடி, நீ கேக்குறது பரோட்டாவயா, வேற எதையுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான். வாயத் தொற."

வாயையும் மோந்து பார்த்தாள். சாம்பார் வாசம்தான் வந்தது. அவள் வைத்த சாம்பார். அப்போது மீனா அடுக்களையிலிருந்து பெருங்காய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதன் முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைக் கண்ணருகே பிடித்துப் படித்தாள்.

"அம்மா... இதுல பாதி கோதுமை மாவாம்."

இரண்டு வாரமாகச் சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் கோதுமையைக் கரைத்துக் கரைத்து ஊற்றியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. உக்கிரபாண்டி ஒன்றும் சொல்லவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு தர்மம் அவர் பக்கம் இருந்தது. அதைப் பேசிக் கெடுக்க அவருக்கு மனசில்லை.

பெருங்காயம் போனது. வயிறு அடங்கியது. ஒரு வாரம் பஸ் எங்கும் நிற்கவில்லை. அடுத்த வாரமும் நிற்கவில்லை. படியில் ஏறினால் கண் கட்டவில்லை. கன்னத்தில் சதை வைத்தது. வேலை கெட்டுப்போகுமோ, ஆளே போய்விடுவோமோ என்று ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயம், ஒருநாள் காலையில் செக்கானூரணி தாண்டும்போது, இல்லை என்று தெரிந்தது. அன்றைக்குப் புதரைப் பார்த்து அவர் லேசாகத் தலையைக்கூட ஆட்டினார்.

புதிதாக ஒரு குழப்பம்தான் வந்து சேர்ந்தது. தன்னைக் குணப்படுத்தியது கோதுமையை விட்டதா, கருப்பசாமியா என்பது அவருக்கே தெரியவில்லை. பொய்யாக வேண்டிக்கொண்டால் சாமி கேட்குமா? கேட்டுவிட்டால் முறிக்கலாமா?

இதை யோசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை போன் பண்ணினான்.

"மாமா, எங்கப்பாகிட்ட எப்படியாச்சும் பேசுங்க. பதினெட்டு வயசுலருந்து பரோட்டா வீசுன கை மாமா இது. இடியாப்பம் பிழியச் சொல்றாரு. தோள்பட்டை ரெண்டும் எறங்கிப் போச்சு. மீனாகிட்டப் பேச போனத் தூக்க முடியல."

மீனாவும் விடவில்லை. "நீங்க ஒரு பொய்யச் சொல்லிட்டு நல்லா இருக்கீங்க. அவுக அரிசி மாவு பெசஞ்சுக்கிட்டு அழுகுறாக. கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கும் அவுகளுக்கும் சண்டை. காரணம் இடியாப்பம். வெளிய சொல்ல முடியுமாப்பா?"

உக்கிரபாண்டி அன்றைக்கே காளையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, நேத்துக் கனவுல கருப்பன் வந்தாரு. ஒன் விரதம் போதும்டா, சம்பந்திய விட்டுரச் சொல்லுன்னாரு."

காளை கண்ணை மூடிக் கும்பிட்டார். "என் கனவுலயும் வந்தாரு சம்பந்தி."

"அப்படியா! என்ன சொன்னாரு?"

"கல்யாணம் முடியிற வரைக்கும் நீட்டிக்கச் சொன்னாரு."

பொய்ச் சாமியைவிட மெய்ச் சாமி பெரியதுதானே. பார்க்கப் போனால் காளை தெளிச்சியாகத்தான் இருந்தார். கம்பு தோசையை ருசித்துத் தின்றார். முகம் கழுவிய மாதிரி இருந்தது. ஊரே வாடிக் கிடக்க, இவர் ஒருத்தர்தான் விரதத்தில் செழித்தார்.

"நம்பிக்கை இருக்கவனுக்கு உடம்பே வேற மாதிரி," என்றார் நல்லகாமன் மரியாதையாக.

அந்த நம்பிக்கை கல்யாணப் பந்தி வரைக்கும் நீண்டது. இரண்டு வீட்டாரும் சமையல்காரரோடு உட்கார்ந்து பேசியபோது, காளை முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டார். "கேசரி கெடையாது. பூரி கெடையாது. பாதுஷா கெடையாது. சாம்பாருக்குப் பெருங்காயம்கூட வேணாம். அதுலயும் கோதுமை இருக்காம்ல?"

அன்னக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருங்காய ரகசியம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தாள். கருப்பன்தான் கனவில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியதும் உடம்பு சிலிர்த்து, அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சமையல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கேசரி இல்லாமப் பந்தி போட்டா கல்யாணம்னு சொல்ல மாட்டாங்கண்ணே. வேற ஒண்ணு சொல்லுவாங்க. என் கையால அது நடக்காது."

அவர் போன பிறகு இரண்டு பக்கச் சொந்தமும் போன் போட ஆரம்பித்தது. தாய்மாமன் ஒருவர், பரோட்டா இல்லாத பரோட்டாக்கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவர முடியாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டார்.

அன்னக்கொடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இனிமே தாங்காதுய்யா. போயி அந்த ரத்த டெஸ்ட்ட எடு. வியாதி இல்லேன்னு வந்துட்டா, கருப்பன் கால்ல விழுந்து கிடாய ஒண்ண வெட்டி, எல்லாத்தையும் முடிச்சுக்குவோம். நீயே அவரு முன்னாடி உக்காந்து ஒரு பரோட்டாவப் பிச்சு வாயில வையி. அவரு தானா விரதத்த விட்ருவாரு."

"இருக்குன்னு வந்துட்டா?"

"வந்துட்டா சம்பந்திகிட்ட உண்மையச் சொல்லுவோம். ரெண்டுல ஒண்ணு தெரியணும். எனக்கு இந்தச் சாமியோட ஓட முடியல."

மறுநாள் அவளுக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டியிருந்தது. உக்கிரபாண்டி தனியாகத்தான் போனார். ஆரப்பாளையத்தில் டாக்டர் கிளினிக்குக்கு நாலு கடை தள்ளி, மாடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ஊசியை நினைத்து ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். கதவைத் தள்ளினார்.

உள்ளே பெஞ்சில், முகத்தைத் துண்டால் பாதி மூடிக்கொண்டு, மீசை வெளியே தெரியக் காளை உட்கார்ந்திருந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரில் இருந்த ஃபேன் ஒருதடவை இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கமும் திரும்பியது.

"சம்பந்தி, நீங்க எங்க இங்கிட்டு?" என்றார் காளை.

"சும்மா... சுகர் பாத்துட்டுப் போவோமேன்னு. நீங்க?"

"நானும் சுகர்தான். கல்யாண அலைச்சல்ல."

"ஆமாமா. அலைச்சல்ல ஏறும்."

"இங்க நல்லாப் பாக்குறாங்களாம்."

"அப்படித்தான் சொல்றாங்க."

பெஞ்சின் இரண்டு முனையில் இருவரும் உட்கார்ந்தார்கள். இருவரும் ஒரே சமயத்தில் சட்டைப் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்துக்கொண்டார்கள். ரத்தம் எடுக்கும் பெண் இந்துப்ரியா உள்ளேயிருந்து வந்தாள். இரண்டு சீட்டையும் வாங்கினாள். ஒன்றைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். மறுபடி முதல் சீட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். கடைசியா பரோட்டா, பூரி, சப்பாத்தி ஏதாச்சும் எப்ப சாப்பிட்டீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் இருவருக்கும் வெட்கம் இல்லை. உக்கிரபாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். காளை மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"நாப்பது நாளுக்கு மேலாச்சும்மா," என்றார்கள் ஒரே குரலில். "கருப்பனுக்கு விரதம்."

இந்துப்ரியா கையில் எடுத்திருந்த ஊசியைத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

"என்னண்ணே நீங்க, ரெண்டு பேருமே சீலியாக் டெஸ்ட்டுக்கு வந்துருக்கீங்க, கோதுமைய நிறுத்திட்டு வந்தா அதுல ஒண்ணுமே தெரியாது; பேசாம ரெண்டு பேரும் சேந்து போயி, ஆறு வாரம் தெனமும் பரோட்டா சாப்பிட்டுட்டு வாங்க!"